குயின்ஸ் கேம்பிட்டில் டி5 சிப்பாயை எப்போது வெட்டலாம்?

சதுரங்கத்தில் நீங்கள் வெள்ளை; வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி ஆடுவது: டி4, டி5, சி4, இ6, குதிரை சி3, குதிரை எஃப்6, மந்திரி ஜி5. வெள்ளை தரும் சி4 சிப்பாயைக் கறுப்பு எடுக்க மறுக்கும் தொடக்கமான குயின்ஸ் கேம்பிட் டிக்ளைன்டின் பழைய பாதை இது. 1927இல் உலக சாம்பியன் பட்டத்துக்காக பியூனஸ் அயர்ஸில் அலெகைனும் கபபிளாங்காவும் மோதிய 34 ஆட்டங்களில் 32 இந்தத் தொடக்கம்தான். இங்கே கறுப்பு தன் பி8 குதிரையை டி7க்குக் கொண்டுவந்தால் உஷாராகுங்கள்.

நீங்கள் சி4 சிப்பாயால் டி5இல் வெட்ட, கறுப்பு இ6 சிப்பாயால் திருப்பி வெட்டும். எஃப்6 குதிரை அசைந்தால் ராணி போய்விடும் என்பதால், டி5 சிப்பாய்க்குக் காவலே இல்லாதது போலத் தெரியும். சி3 குதிரையால் அதைத் தொடாதீர்கள்! கறுப்பு எஃப்6 குதிரையாலேயே வெட்டும். நீங்கள் ஜி5 மந்திரியால் டி8இல் ராணியை எடுத்ததும், எஃப்8 மந்திரி பி4க்கு வந்து செக். உங்கள் ராஜாவுக்கு நகரக் கட்டமே இல்லை. ராணியை டி2இல் குறுக்கே வைத்தாக வேண்டும். கறுப்பு அதை மந்திரியால் வெட்ட, நீங்கள் ராஜாவால் திருப்பி வெட்ட, டி8 மந்திரியையும் கறுப்பு ராஜா எடுத்துவிடும். மிஞ்சுவது ஒரு சிப்பாய். போனது ஒரு குதிரை. மூன்று நிமிட ஆட்டத்தில் இது சட்டென்று கண்ணில் படாது.

சரியான நகர்த்தல் இ3. அது எஃப்1 மந்திரிக்கு வழிவிடுவதோடு, ராஜாவுக்கு இ2 கட்டத்தையும் திறந்துவிடுகிறது. அதனால் அடுத்த நகர்த்தலில் டி5 சிப்பாயை வெட்டுவது நிஜமான மிரட்டலாகிறது: மந்திரி பி4 செக் வந்தால் ராஜா இ2க்கு ஒதுங்கிக்கொள்ளும், கறுப்பின் ராணி போனது போனதுதான். ஆகவே கறுப்பு உடனே சி6 அல்லது மந்திரி இ7 ஆட வேண்டியிருக்கும். அதன்பின் மந்திரி டி3, ராணி சி2 என்று நிதானமாக வளருங்கள். கறுப்பு சி6 ஆடியிருந்தால், கோட்டை கட்டிய பிறகு யானையை பி1இல் வைத்து, பி வரிசைச் சிப்பாயை பி4, பி5 என்று தள்ளி சி6 சிப்பாயைக் குறிவைக்கலாம்.