ஹிட்ச்ல மாட்டற சைக்கிள் ராக் வாங்கப் போறீங்களா, மொதல்ல காருக்கு அடியில குனிஞ்சு பாருங்க

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், கடையில போயி "பைக் ராக் இருக்கா"னு கேக்காதீங்க. நம்ம ஊர்ல பைக்னா ஸ்ப்ளெண்டர்தான். நான் தர்மபுரியில ஒரு கடையில அப்படி கேட்டு, அவரு உள்ள போயி புல்லட்டுக்கு மாட்டற சைடு கேரியர் ரெண்டு எடுத்துட்டு வந்தாரு. சைக்கிள் ராக்னு கேளுங்க, கார் பின்னாடி டோ பார்ல மாட்டறதுனு சேத்து சொல்லுங்க. டோ பார்னா டிரெய்லர் இழுக்க கார் பின்னாடி மாட்டற இரும்பு, அதத்தான் ஹிட்ச்னும் சொல்லுவாங்க.

கார்ல சைக்கிள் ஏத்த மூணு வழி இருக்கு. டிக்கி கதவுல பெல்ட் போட்டு கட்டறது, மேல ரூஃப்ல நிக்க வெக்கறது, கீழ ஹிட்ச்ல மாட்டறது. நான் மூணையும் பாத்துட்டேன். பெல்ட் ராக் விலை கம்மிதான், ஆனா ஒகேனக்கல் போயிட்டு வர்றதுக்குள்ள பெல்ட் லூசாகி டிக்கியில பெயிண்ட் உரிஞ்சு போச்சு, டிக்கி மேல பிளாஸ்டிக் ஸ்பாய்லர் இருந்தா அதுவும் தாங்காது. ரூஃப் ராக் உறுதியா இருக்கும், ஆனா பதினஞ்சு பதினாறு கிலோ சைக்கிள தலைக்கு மேல தூக்கணும், அப்பறம் மேல சைக்கிள் இருக்குங்கறதே மறந்து போயிடும். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்புக்குள்ள காரை விட்டு ஹாண்டில்பார் கிளையில மாட்டி, சீட்டு ஒரு பக்கம் திரும்பி, மாங்கா நாலு கீழ விழுந்து, தோட்டக்காரரு வேற என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. ஹிட்ச் ராக்ல இந்த தலைவலி இல்ல, இடுப்பு உயரத்துக்கு தூக்கி வெச்சா போதும். அதுக்குன்னு தனி தலைவலி இருக்கு, இனி சொல்லப் போறதெல்லாம் அதுதான்.

ஆன்லைன்ல ராக் படத்த பாத்ததும் எல்லாரும் "ரெண்டு சைக்கிளா மூணு சைக்கிளா"னுதான் யோசிக்கறாங்க. அது கடைசில யோசிக்க வேண்டியது. மொதல்ல உங்க கார்ல ஹிட்ச் போட முடியுமானு பாக்கணும். அமெரிக்காவுல பின்னாடி ஒரு சதுரக் குழாய் இருக்கும், ரிசீவர்னு சொல்லுவாங்க, ஒன்னேகால் இஞ்சு இல்லன்னா ரெண்டு இஞ்சு. ஐரோப்பாவுல 50 மில்லிமீட்டர் இரும்பு உருண்டை, அது மேலயே ராக் கவ்விக்கும். ஆன்லைன்ல வர்ற ராக் இந்த ரெண்டுல ஏதோ ஒண்ணுக்குத்தான் செஞ்சிருப்பாங்க, உருண்டைக்கு செஞ்சத குழாய்ல சொருக முடியாது. ஒன்னேகால் இஞ்சு குழாய்க்கு அடாப்டர் போட்டு ரெண்டு இஞ்சு ராக் மாட்டலாம்னு விக்கறவங்க சொல்லுவாங்க, மாட்டலாம்தான், ஆனா சைக்கிள் இன்னும் பின்னாடி தள்ளிப் போகும், தாங்கற எடையும் குறையும்.

நம்ம ஊர் கார்ல பெரும்பாலும் ரெண்டுமே இருக்காது. பம்பர்ல ஒரு மூடிய கழட்டினா திருகி மாட்டற ஒரு கொக்கி வருமே, அது ஹிட்ச் இல்லைங்க, வண்டி நின்னு போனா கட்டி இழுக்கறதுக்கு குடுத்தது, அதுல ராக் மாட்ட நினைக்காதீங்க. பொலேரோ, ஸ்கார்ப்பியோ, தார், இன்னோவா கிரிஸ்டா மாதிரி லேடர் சேசிஸ் வண்டின்னா அடியில ரெண்டு பக்கமும் நீளமா கனமான இரும்பு ஓடும், அதுல ஹிட்ச் போல்ட் பண்ணினா கல்லு மாதிரி நிக்கும். ஹேட்ச்பேக், சின்ன எஸ்யூவி எல்லாம் மோனோகாக், அதாவது பாடியே சேசிஸ். ஹைகிராஸும் இன்னோவாதான்னு நினைச்சுடாதீங்க, அது மோனோகாக். மோனோகாக்ல ஹிட்ச் போடவே முடியாதுனு இல்ல, அந்த மாடலுக்குன்னே செஞ்சத, கம்பெனி விட்ட ஓட்டையிலயே போல்ட் பண்ணணும். மானுவல்ல டோயிங்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல இந்த வண்டியில இழுக்கக் கூடாதுனு போட்டிருந்தா ரூஃப் ராக்குக்கே போயிடுங்க.

இங்கதான் நம்மாளுங்க ஒரு வேலை பண்ணுவாங்க. "எதுக்கு அவ்வளவு காசு, நம்ம பட்டறையில குடுத்தா ரெண்டு ஆங்கிள் வெச்சு வெல்டிங் அடிச்சு குடுத்துடுவாரு"னு. எனக்கும் சொன்னாங்க, நானும் போனேன். டிராக்டருக்கு கொக்கி அடிக்கறவரு, கைத்தொழில் சுத்தமாத்தான் இருந்துச்சு, ஆனா அவரு ஆங்கிள ஸ்டெப்னி வெக்கற தகட்டுல பிடிக்கப் பாத்தாரு. அந்தத் தகடு ஸ்டெப்னிய தாங்கும், பின்னாடி ரெண்டு அடி தள்ளித் தொங்கி ஆடற எடைய தாங்காது, கொஞ்ச நாள்ல தகடு கிழிய ஆரம்பிக்கும். பம்பருக்குள்ள இருக்கற இரும்புலயும் வெல்டிங் வேணாம், பின்னாடி எவனாவது இடிச்சா நசுங்கறதுக்குன்னே வெச்சது அது. பட்டறைக்குத்தான் போவேன்னா சேசிஸ்ல பிடிக்கச் சொல்லுங்க, வெல்டிங்க விட போல்ட் நல்லது, போல்ட் தலையில 8.8னு அச்சடிச்சிருக்கானு பாத்து வாங்குங்க. காரு வாரண்டியில இருந்தா சர்வீஸ் சென்டர்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு கைவைங்க.

அடுத்து எடைக் கணக்கு. நல்ல டோ பார்ல ஒரு தகடு அடிச்சிருக்கும், எஸ்ங்கற எழுத்துக்குப் பக்கத்துல 50, 75னு ஒரு நம்பர், மேல இருந்து கீழ எத்தனை கிலோ தாங்கும்னு அர்த்தம். அதுல ராக்கோட எடையும் சேரும், இத நிறைய பேரு விட்டுடறாங்க. ராக்கே பதினெட்டு கிலோ, கியர் சைக்கிள் ஒண்ணு பதினஞ்சு கிலோன்னா ரெண்டுக்கு 48. ஐம்பது தாங்கற ஹிட்ச் அதோட முடிஞ்சுது, மூணாவது சைக்கிள் பத்தி பேச்சே கிடையாது. ஈ-சைக்கிள்னா ஒண்ணே இருபது இருபத்தஞ்சு கிலோ வரும், பேட்டரிய கழட்டி உள்ள வெச்சிடுங்க. ராக்குலயும் ஒரு சைக்கிளுக்கு இவ்வளவுதான்னு தனியா ஒரு அளவு இருக்கும், சில ராக் மானுவல்ல மண் ரோட்டுக்கு இன்னும் கம்மியா போட்டிருப்பாங்க. அஞ்செட்டி பக்கம் காட்டு ரோட்டுல போறவங்க அந்த கம்மி நம்பரத்தான் கணக்குல எடுக்கணும்.

ராக்ல ரெண்டு ஜாதி. ஒண்ணு சைக்கிள் ஃபிரேமோட மேல்குழாயப் பிடிச்சு தொங்க விடறது, இன்னொன்னு தட்டு மாதிரி சக்கரத்த வெச்சு நிக்க வெக்கறது. தொங்கறது எடையும் கம்மி விலையும் கம்மி, ஆனா சைக்கிள் ஆடி ஒண்ண ஒண்ணு இடிக்கும், பெடல் பக்கத்து சைக்கிளோட ஃபிரேம்ல கோலம் போட்டுடும். லேடீஸ் சைக்கிள், பசங்க சைக்கிள்ல நேரா மேல்குழாய் இருக்காது, அதுக்கு சீட்டுக்கும் ஹாண்டிலுக்கும் நடுவுல மாட்டற ஒரு கம்பி தனியா வாங்கணும். எங்க வீட்டுல பொண்ணுக்கு பிளஸ் ஒன்ல ஸ்கூல்ல குடுத்த கவர்மெண்ட் சைக்கிள்தான், அதையும் ஏத்துனு ஒரே அடம். கேரியர், மட்கார்டு, முன்னாடி கூடை எல்லாம் சேத்து நல்ல கனம், தொங்கற ராக்ல அது உக்காரவே இல்ல. தட்டு ராக்ல வெச்சா ஜம்முனு நின்னுச்சு. கார்பன் ஃபிரேம் வெச்சிருக்கவங்க யோசிக்கவே வேணாம், ஃபிரேமத் தொடாம முன் சக்கரத்த மட்டும் மேல இருந்து அழுத்திப் பிடிக்கற கை இருக்கற தட்டு ராக்தான். அதுலயும் சக்கர சைஸ் பாருங்க, 29 இஞ்சு பிடிக்கற கை பசங்களோட 20 இஞ்சுக்கு சிலதுல எட்டாது, நாலு இஞ்சு ஃபேட் டயர் சாதா தட்டுல உக்காராது, மட்கார்டு இருந்தா அந்தக் கை எங்க அழுத்தும்னும் பாக்கணும். என்னைக் கேட்டா காசு இருந்தா தட்டு, இல்லன்னா ஆறு மாசம் சேத்து வெச்சு தட்டு.

இப்ப ஸ்பீட் பிரேக்கருக்கு வருவோம். வெளிநாட்டு வீடியோல இதப்பத்தி யாரும் பேசறதில்ல, நமக்கு இதுதான் முக்கியம். பின் சக்கரத்துல இருந்து ராக் எவ்வளவு பின்னாடி நீட்டுதோ அந்த அளவுக்கு மேட்டுல ஏறி இறங்கும்போது கீழ இடிக்கும். பென்னாகரம் ரோட்டுல ஊருக்கு ஊரு ஒண்ணு இருக்கு, சிலதுல வெள்ளைக் கோடே இருக்காது, முன் சக்கரம் தாண்டி பின் சக்கரம் இறங்கும்போது பின்னாடி "டங்"குனு கேக்கும் பாருங்க, வயிறு கலங்கிடும். ஆளுங்க சாமான் எல்லாம் ஏத்தி டிக்கியும் நிரப்பினா வண்டி பின்னாடி இன்னும் ரெண்டு விரக்கடை இறங்கியிருக்கும். அதனால டேப்பு எடுத்து காலி வண்டியில அளக்காதீங்க, குடும்பத்த உள்ள உக்கார வெச்சு அளங்க. ரிசீவர்ல இருந்து மேல வளைஞ்சு போற மாதிரி ராக் இருந்தா நல்லது, நேரா போறது நம்ம ரோட்டுக்கு ஆகாது.

சைலன்சர் எந்தப் பக்கம் இருக்குனு பாருங்க. ஏற்காடு மலை ஏறும்போது கூட வந்தவரு சைக்கிள்ல பின் டயரு சைலன்சர் புகைக்கு நேரா இருந்துச்சு, இருபது கொண்டை ஊசி வளைவும் மொதல் கியர் ரெண்டாவது கியர்ல ஏறி மேல போயி பாத்தா டயரு ஓரம் இளகிப் போயி ட்யூபும் போச்சு. சைக்கிள அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பி வெச்சாலே சில நேரம் சரியாயிடும்.

நம்பர் பிளேட்டும் பின் லைட்டும் மறையும், இத சும்மா விடக் கூடாது. ஃபாஸ்டேக் முன் கண்ணாடியில இருக்கறதால கிருஷ்ணகிரி டோல்ல ஒண்ணும் ஆகாது, ஆனா பிளேட் தெரியலன்னா ஃபைன் போடலாம், பிரேக் லைட் தெரியலன்னா பின்னாடி வர்ற லாரி ஃபைன் எல்லாம் போடாது. லைட்டும் பிளேட் வெக்கற இடமும் சேர்ந்த போர்டோட வர்ற ராக்கா பாருங்க, அதுக்கு டோ பார்ல கரண்ட் சாக்கெட் வேணும், 7 பின்னா 13 பின்னானு ரெண்டு பக்கமும் ஒத்துப் போகணும். ரிவர்ஸ் கேமராவுல இனி சைக்கிள் சக்கரம் மட்டும்தான் தெரியும், சென்சார் கத்திக்கிட்டே இருக்கும்.

கடைக்கு போகும்போது சைக்கிளையும் கொண்டு போங்க. ஓசூர், பெங்களூர் வரைக்கும் போறீங்க, சைக்கிள் இல்லாம போயி ராக் மட்டும் பாத்துட்டு வந்து என்ன பிரயோஜனம். மாட்டச் சொல்லி, ரெண்டு சைக்கிளையும் ஏத்தி, டிக்கி திறக்குதானு பாருங்க, சைக்கிளோடவே சாய்க்கற மாடல்னா பெட்ரோல் பங்க்ல தண்ணி பாட்டில் எடுக்க எல்லாத்தையும் இறக்க வேண்டாம். அப்பறம் ராக்கோட உச்சியப் பிடிச்சு நல்லா ஆட்டுங்க. காரே சேந்து ஆடணும். ராக் மட்டும் லொடலொடனு தனியா ஆடினா ரிசீவருக்குள்ள இடைவெளி இருக்குனு அர்த்தம், உள்ளயே விரிஞ்சு இறுக்கற ஸ்க்ரூ இருக்கற மாடல் கேளுங்க, குறுக்க ஒரு பின் கம்பிய மட்டும் சொருகி விடறது போதாது.

மொதல் தடவை போகும்போது பத்து கிலோமீட்டர்ல ஒரு டீக்கடையில நிறுத்தி எல்லாத்தையும் ஒரு தடவ இறுக்குங்க, பெல்ட் எப்படியும் கொஞ்சம் இளகியிருக்கும். முன் சக்கரத்தையும் ஹாண்டிலையும் சேத்து ஒரு கயிறு போட்டுட்டா திரும்பாது. தொப்பூர் இறக்கத்துல லாரிக்கு முன்னாடி போயி திடீர்னு பிரேக் போடற வேலையெல்லாம் வேணாம், சைக்கிள் இருக்கற இடம்தான் மொதல்ல அடி வாங்கற இடம், இடது பக்கமா மெதுவா இறங்குங்க. கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் லாரி ஓடற ரோட்டுல போயிட்டு வந்தா பெல்ட்ட இறுக்கற ராட்செட் பல்லுக்குள்ள எல்லாம் வெள்ளைத் தூசி அடைஞ்சிருக்கும், தண்ணி அடிச்சு கழுவி காய வெச்சு பின் கம்பிக்கும் பூட்டுக்கும் கொஞ்சம் கிரீஸ் வைங்க, இல்லன்னா மழைக்காலத்துல அந்தக் கம்பி துரு பிடிச்சு சுத்தியல் எடுக்க வேண்டி வரும்.

சைக்கிள் இல்லாத நாள்ல ராக்க கழட்டிடுங்க, பஸ் ஸ்டாண்ட் பக்கம் பார்க் பண்ணினா ஸ்கூட்டர்ல வர்றவங்க முழங்கால்ல இடிச்சிக்கறாங்க. அப்ப அத எங்க வெக்கறதுனு வாங்கறதுக்கு முன்னாடியே வீட்டுல பேசிக்கோங்க, மடிக்கற மாடலா இருந்தாலும் இருபது கிலோ இரும்பு. என்னோடது மாடிப்படிக்கு அடியிலதான் கெடக்கு, இப்ப அதுமேல அம்மா வடகத் தட்டு வெச்சிருக்காங்க, ஏற்காடு போறதுன்னா வடகம் காயற வரைக்கும் இருக்கணும்.