விளையாட்டு அரங்கில் கோஷர் உணவு: எதைப் பார்த்து வாங்குவது

அமெரிக்க பேஸ்பால் அரங்குகளில் கோஷர் (யூத மத விதிப்படியான) உணவு தேடுபவர் பொட்டலத்தின் முத்திரையைவிடக் கடையின் சான்றிதழையே முதலில் பார்க்க வேண்டும். ஹீப்ரூ நேஷனல் போன்ற, கோஷர் முத்திரை பெற்ற ஹாட் டாக் சாதாரணக் கடைகளிலும் கிடைக்கும். ஆனால் கோஷரில் பன்றி இறைச்சி கூடாது, இறைச்சியோடு பால் பொருளும் சேரக் கூடாது. பன்றி இறைச்சி சாசேஜ் வெந்த அதே கிரில்லில் அதுவும் உருண்டு, அதே இடுக்கியால் எடுக்கப்பட்டு, சீஸ் சிந்திய பலகையில் வைத்துத் தரப்பட்டால், ஆலையில் பெற்ற தகுதி அந்த இடத்திலேயே போய்விடுகிறது.

ஆகவே கடையில் மாட்டியிருக்கும் சான்றிதழில் எந்த அமைப்பு அதை வழங்கியது, எந்தத் தேதிவரை செல்லும், இந்தக் கடைக்குத்தான் தரப்பட்டதா என்ற மூன்றையும் படித்துவிட்டு, மஷ்கியாக் எனப்படும் மேற்பார்வையாளர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. முறையாக நடக்கும் கடையில் உடனே பதில் வரும். ‘கோஷர் ஸ்டைல்’ என்று எழுதியிருந்தால் அது சமையல் பாணியை மட்டுமே குறிக்கும்.

கடைகள் சீசனுக்குச் சீசன் இடம் மாறுவதால், புறப்படுமுன் அரங்கின் இணையதளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. முறையான மேற்பார்வையில் இயங்கும் கடை, வெள்ளி சூரிய அஸ்தமனம் முதல் சனி இரவு வரை, யூதரின் வார ஓய்வு நாளான சப்பாத்தை முன்னிட்டு மூடியிருக்கும். சீசனின் தொடக்க வாரங்களில், புளித்த தானிய உணவைத் தவிர்க்கும் பஸ்கா பண்டிகை வந்துவிடுவதும் உண்டு. அப்போது பன்னும் கூடாது, பீரும் கூடாது. இலையுதிர்காலப் பண்டிகைகளோ இறுதிக்கட்டப் போட்டிகளோடு மோதும். 1965 உலகத் தொடரின் (பேஸ்பால் இறுதிப் போட்டித் தொடர்) முதல் ஆட்டம் யூதரின் புனித நாளான யோம் கிப்பூரில் வந்ததால், யூதப் பந்துவீச்சாளர் சாண்டி கூஃபாக்ஸ் அந்த ஆட்டத்தில் பந்து வீசவே இல்லை.

கடை இல்லாத அரங்கில் மூடி முத்திரையிட்ட பொட்டலங்களே கைகொடுக்கும். வட்டத்துக்குள் ‘யூ’, நட்சத்திரத்துக்குள் ‘கே’ போன்றவை அறியப்பட்ட அமைப்புகளின் குறிகள். தனித்து நிற்கும் ‘கே’ என்ற எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம், ஏனெனில் அந்த வெறும் எழுத்து எந்த ஓர் அமைப்புக்கும் மட்டும் உரிய குறி அல்ல. குறியின் அருகே ‘டி’ இருந்தால் அதில் பால் சேர்ந்திருக்கலாம். ஹாட் டாக் தின்ற கையோடு அப்படிக் குறியிட்ட ஐஸ்கிரீமைச் சாப்பிடக் கூடாது, பலரது வழக்கப்படி ஆறு மணி நேரம் பொறுக்க வேண்டும். அங்கேயே பொரித்துத் தரும் பாப்கார்னில் என்ன எண்ணெய், என்ன வெண்ணெய் மணம் என்பது தெரியாததால் அதை விட்டுவிடலாம்.

வீட்டிலிருந்து உணவு கொண்டுபோகும் விதி அரங்குக்கு அரங்கு வேறுபடும். அனுமதி இல்லையெனில், மத உணவுக் கட்டுப்பாட்டைக் குறிப்பிட்டு நிர்வாகத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி, வரும் பதிலை வாயிலில் காட்டுவதற்காகக் கைப்பேசியில் வைத்திருங்கள்.