அயனி மூலம்: வடிவமைப்பிலும் காப்புரிமையிலும் சறுக்கும் இடங்கள்

அயனி மூலம் என்பது வாயு அணுக்களுக்கு மின்னூட்டம் ஏற்றி, அயனிகளாக்கி, கற்றையாக வெளியே அனுப்பும் கருவி. அதைக் கொண்டு டூல் ஸ்டீலின் தேய்மானத்தைக் குறைக்க நைட்ரஜன் அயனிகளைப் புகுத்துவதாக வைத்துக்கொள்வோம். சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2×10¹⁷ அணுக்கள் தேவை. 100 சதுர சென்டிமீட்டருக்கு மொத்தம் 2×10¹⁹. ஒவ்வொரு அணுவும் ஒரு மின்னூட்டத்தோடு வந்தால் 3.2 கூலும், 1 மில்லிஆம்பியர் கற்றைக்கு 53 நிமிட வேலை. காகிதத்தில் கணக்கு இவ்வளவுதான். பெரும்பாலோர் தவறுவது அந்த ஒரு மில்லிஆம்பியரை எங்கே, எப்படி அளந்தார்கள் என்பதில்.

பொருளிலிருந்து தரைக்கு ஓடும் மின்னோட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வேகமான அயனி எஃகில் மோதும்போது எலக்ட்ரான்கள் தெறித்து வெளியேறும். வெளியேறும் ஒவ்வொரு எலக்ட்ரானையும் மீட்டர் உள்ளே வந்த அயனியாகவே எண்ணும். காட்டும் அளவு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று வீங்கும். பொருளோ அரைகுறையாகவே பதப்பட்டிருக்கும். கற்றை மின்னோட்டத்தை அளக்கும் உலோகக் கிண்ணமான பாரடே கோப்பை ஒன்றை, ஆழமானதாக, வைத்து, அதன் வாயில் ஒரு வளையத்துக்கு 100 முதல் 300 வோல்ட் எதிர்மின்னழுத்தம் கொடுத்தால் எலக்ட்ரான்கள் கோப்பைக்குள்ளேயே திரும்பிவிடும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. அறையில் வாயு அழுத்தம் கூடினால், அயனிகளில் ஒரு பகுதி வழியிலேயே மின்னூட்டத்தை இழந்து நடுநிலை அணுக்களாகிவிடும். அவை பொருளில் போய்ப் பதியும், கோப்பைக் கணக்கில் மட்டும் வராது. மூன்றாவது பிழை நைட்ரஜனுக்கே உரியது. அயனிகளை எடைவாரியாகக் காந்தத்தால் பிரிக்காத கற்றையில் ஒற்றை அணு அயனியும் இரட்டை அணு அயனியும் கலந்தே வரும். இரட்டை அயனி ஒரு மின்னூட்டத்தில் இரண்டு அணுக்களைக் கொண்டுவந்து, மோதியதும் பிளந்து, ஆளுக்குப் பாதி ஆற்றலோடு உள்ளே போகும். 90 கிலோவோல்ட்டில் ஒற்றை அணு சுமார் 100 நானோமீட்டர் ஆழம் போகும் என்றால், பிளந்தவை அதில் பாதியோடு நின்றுவிடும். கலவை விகிதம் தெரியாமல் எழுதும் அளவுக்கும் ஆழத்துக்கும் அர்த்தமே இல்லை.

இனி கிரிட்டுகள், அதாவது அயனிகளை மூலத்திலிருந்து வெளியே இழுக்கும் துளையிட்ட தகடுகள். அவற்றின் இடைவெளிக்கு வருவோம். எடுக்கக்கூடிய மின்னோட்டம் மின்னழுத்தத்தின் 1.5 அடுக்குக்கு ஏற்பக் கூடும், இடைவெளியின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். ஆகவே இடைவெளியைச் சுருக்கத்தான் எல்லோருக்கும் கை நீளும். 1 மி.மீ. இடைவெளியைக் குளிர்ந்த நிலையில் சரியாக அமைத்தாலும், பிளாஸ்மாவின் (மூலத்துக்குள் இருக்கும் அயனியான வாயுவின்) சூட்டில் தட்டையான கிரிட் எந்தப் பக்கம் உப்பும் என்று சொல்ல முடியாது. உள்ளே வளைந்தால் மின்பொறி, வெளியே வளைந்தால் கற்றை விரிதல். மாலிப்டினம் தகட்டை முன்கூட்டியே குழிவாக அழுத்தி வளைத்துவிட்டால் அது ஒரே திசையில்தான் நகரும். இரண்டாவது கிரிட்டைத் தரையோடு இணைப்பதும் தவறு. அதற்குச் சில நூறு வோல்ட் எதிர்மின்னழுத்தம் வேண்டும். இல்லையேல் கற்றையிலுள்ள எலக்ட்ரான்கள் மூலத்துக்குள் திரும்பப் பாயும், மீட்டரில் அதுவும் ‘கற்றை’ என்றே தெரியும்.

பிளாஸ்மாவைக் கட்டி வைக்கும் காந்தத்திலும் கவனம் வேண்டும். சாதாரண நியோடிமியம் காந்தம் சுமார் 80 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே வலுவிழக்கத் தொடங்கும். நீர்க்குளிர்ச்சி இல்லாவிட்டால் சமேரியம் கோபால்ட்டே நம்பத்தகுந்தது. இன்சுலேட்டர்கள் பிளாஸ்மாவுக்கு நேராகத் தெரியக் கூடாது. சிதறும் உலோகம் மேலே படிந்து சில வாரங்களில் கசிவு தொடங்கும். சிறு உலோகக் குடை ஒன்று மறைத்தால் போதும். பல பத்து கிலோவோல்ட்டில் பின்னோக்கி ஓடும் எலக்ட்ரான்கள் எக்ஸ்-கதிரை உண்டாக்கும். கண்ணாடிச் சன்னல் வழியே எட்டிப் பார்ப்பதற்கு முன் ஈயத் தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி காப்புரிமை. “காந்தம், ஆனோடு, கிரிட் கொண்ட அயனி மூலம்” என்று கோரிக்கை (எதற்கு உரிமை கேட்கிறோம் என்ற வாசகம்) எழுதினால் நிற்காது. விண்கல உந்துபொறிக்காக ஹெரால்ட் காஃப்மன் 1960 வாக்கிலேயே நாசாவில் அத்தகைய மூலத்தை இயக்கிவிட்டார். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(எஃப்) தெரிந்த சாதனங்களை வெறுமனே மாற்றி அடுக்குவதை ஏற்காது. தெரிந்த இயந்திரத்துக்குப் புதிய பயன்பாடு சொல்வது மட்டும் என்றால் 3(டி) தடுக்கும். குடையின் வடிவம், இடைவெளிக்கும் துளை விட்டத்துக்கும் உள்ள விகிதம், அதனால் குறைந்த மின்பொறி எண்ணிக்கை, இப்படி உறுப்பையும் விளைவையும் சேர்த்துக் கட்டிய கோரிக்கைதான் தாங்கும். அந்த விளைவைக் காட்டும் அட்டவணையில் கோப்பை அளவீடு தவறென்றால் காப்புரிமையும் அதே இடத்தில் ஆட்டம் காணும். சிறந்த செய்முறையைச் சொல்ல வேண்டும் என்பது பிரிவு 10(4). வாயு ஓட்டத்தை மட்டும் ரகசியமாக வைத்துக்கொள்வோம் என்பது ஆபத்தான சாமர்த்தியம்.

விண்ணப்பிப்பதற்கு முன் இயந்திரத்தை விற்காதீர்கள். ரகசிய ஒப்பந்தம் இல்லாமல் வாடிக்கையாளருக்குச் சோதனைக்கும் அனுப்பாதீர்கள். கற்றறிந்தோர் அவையில் கட்டுரை படித்தவருக்குப் பிரிவு 31 பன்னிரண்டு மாத அவகாசம் தருகிறது. ஆனால் எல்லா நாடுகளும் அதே சலுகையைத் தருவதில்லை. தற்காலிக விவரக்குறிப்பு போட்டால் 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு. அதில் இல்லாத புது கிரிட்டை முழு விவரக்குறிப்பில் சேர்த்தால் அந்தப் பகுதிக்குப் பழைய தேதி கிடைக்காது. இந்தியாவில் வசிப்பவர் நேராக வெளிநாட்டில் விண்ணப்பிக்க முடியாது: முதலில் இங்கே விண்ணப்பித்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும், அல்லது பிரிவு 39-இன் கீழ் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். இதை மீறினால் பிரிவு 40-இன்படி இந்திய விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும்.