விடுப்புக் கதைக்கு "ம்" கொட்டாமல் இருப்பது எப்படி?

கொழும்பில் பல அலுவலகங்களில் தமிழ் பேசுபவர்கள் நாலைந்து பேராகவே இருக்கிறோம், மதியச் சாப்பாட்டுக்கும் பெரும்பாலும் ஒரே மேசையில்தான் அமர்கிறோம். புதிதாக வந்த ஒருவரை முதல் நாளே கூப்பிட்டு அருகில் இருத்தி, விடுமுறைப் படிவத்தை யாரிடம் கொடுக்க வேண்டும், எந்த மேலதிகாரியிடம் எந்த நேரத்தில் கையொப்பம் கேட்கக் கூடாது என்றெல்லாம் அன்போடு சொல்லித் தருபவரே, சில மாதங்கள் கழிந்ததும் மற்றவர்களின் வீட்டு விடயங்களையும் சொல்லத் தொடங்கிவிடுவதுண்டு. இப்படிப் பிறரைப் பற்றிக் கதைக்கும் வம்பைத்தான் விடுப்பு என்கிறோம். நமக்கு உதவிய ஒருவரிடம் முகத்தை முறிக்கவும் முடிவதில்லை, கேட்டுக்கொண்டிருக்கவும் மனம் ஒப்புவதில்லை. அந்த மனிதரை விலக்காமல் அவர் கொண்டுவரும் கதையை மட்டும் விலக்குவதற்கு எனக்குத் தெரிந்த வழிகளை இங்கே எழுதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்தேன். ஒரு நாள் எனக்கு மூத்த அக்கா ஒருவர், சாப்பிட்டு முடித்த லஞ்ச் ஷீட்டை நாலாக மடித்து ஓரமாக வைத்துவிட்டு, ஒரு முறை கதவைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும், அந்தப் பிள்ளையின்ர கலியாணம் குழம்பிப் போச்சாம்" என்றார். நான் "ம்" என்றேன்; பிறகு "ஓமோ?" என்றேன், அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து அந்தப் பிள்ளை என் மேசையருகே வந்து நின்று, "அக்கா, நீங்களும் என்னைப் பற்றிக் கதைச்சனீங்களாம்" என்று கேட்டபோது அவளுடைய கண்கள் கலங்கியிருந்தன. நான் ஒன்றும் சொல்லவில்லை என்று மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

கதை சொல்பவருக்கு "ம்" கொட்ட ஓர் ஆள் வேண்டும். நாம் மரியாதைக்காகக் கொட்டும் "ம்", சொல்பவரின் காதில் "ஆமாம், எனக்கும் அப்படித்தான் தோன்றியது" என்று விழுகிறது. அடுத்த மேசையில் அது நம்முடைய கருத்தாகவே சொல்லப்படுகிறது. ஆகவே முதலில் நிறுத்த வேண்டியது அந்த "ம்"மைத்தான். புருவத்தை உயர்த்துவதும், "பாவம்" என்று பெருமூச்சு விடுவதும், வட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுக்குக் கட்டைவிரல் படம் அனுப்புவதும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

ஆனால் வெறுமனே மௌனமாக இருந்தால் கோபித்துக்கொண்டோம் என்று அவர் நினைப்பார். அதனால் கதையைச் சொல்பவரின் சொந்த வாழ்வை நோக்கி உடனே திருப்பிவிடுவதே நல்லது. "அக்கா, அந்தப் பிள்ளையின்ர விசயம் எங்களுக்கு வேண்டாம். உங்கட மகனுக்குச் சோதினை எப்பிடிப் போச்சு, அதைச் சொல்லுங்கோ" என்று சொல்லிப் பாருங்கள். முதல் வசனத்தைச் சிரித்த முகத்தோடும் தெளிவாகவும் சொல்ல வேண்டும். இரண்டாவது வசனத்தை உண்மையான அக்கறையோடு கேட்க வேண்டும். விடுப்புக் கதைப்பவர்களில் பலர், தங்களைப் பற்றி விசாரிக்க ஒருவரும் இல்லாத காரணத்தினாலேயே மற்றவர்களைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்பது என் அனுபவம். அதே மேசைக்கு ஒரு சிங்களச் சக ஊழியரையும் அழைத்து அமரச் செய்தால் பேச்சு தானாகவே பொது விடயத்துக்கு மாறும். அதோடு, நாங்கள் தாழ்ந்த குரலில் தமிழில் கதைப்பது தம்மைப் பற்றித்தானோ என்று அவர்கள் சங்கடப்படுவதும் குறையும்.

எமது ஆட்களிடையே இந்தக் கதைகள் அலுவலகக் கதவோடு நிற்பதில்லை என்பதையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். ஒரே அலுவலகத்தில் வேலை செய்பவர்கள் வெள்ளவத்தையில் ஒரே கோயிலுக்குப் போகிறார்கள், ஒரே கலியாண மண்டபத்தில் சந்திக்கிறார்கள். ஒரு பிள்ளைக்குச் சம்பந்தம் பேசும்போது, "அவ உங்கட கந்தோரிலதானே, ஆள் எப்பிடி?" என்று கேட்டு யாராவது தொலைபேசியில் அழைப்பார்கள். அப்போது நம் வாயில் இருக்கும் அரைகுறைக் கதை ஒருவருடைய வாழ்வையே குலைத்துவிடக்கூடும். "வேலையில நல்ல பொறுப்பான பிள்ளை. வீட்டு விசயங்களை அவையிட்டையே கேளுங்கோ" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை.

கதை உங்களைப் பற்றியதாக இருந்தால், கேள்விப்பட்ட அன்றே போய்க் கேட்காதீர்கள். ஒரு நாள் ஆறவிட்டு, மற்றவர்கள் இல்லாத இடத்தில் கதையுங்கள். நான் அலுவலகம் முடிந்து ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தையே தேர்ந்தெடுத்தேன். கொள்ளுப்பிட்டி நிலையத்தில் இருவரும் கடலைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம், முகத்துக்கு முகம் பார்க்க வேண்டிய நெருக்கடி இருக்காது. "அக்கா, என்னைப் பற்றி ஒரு கதை என்ர காதுக்கு வந்தது. ஆர் சொன்னதெண்டு கேக்க நான் வரேல்லை. அது பிழையான கதை. இனி என்னைப் பற்றி ஏதும் அறிய வேணுமெண்டால் என்னட்டையே கேளுங்கோ" என்று சொல்லி நிறுத்திவிட வேண்டும். உங்களிடம் யார் சொன்னார் என்பதை எக்காரணம் கொண்டும் வெளியிடாதீர்கள். நடந்தது இதுதான் என்று முழு விளக்கம் கொடுக்கவும் வேண்டாம், அந்த விளக்கமே அடுத்த வாரத்துக் கதையாகிவிடும்.

ஒரு விடயத்தில் மட்டும் மிகவும் கவனமாக இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். "அந்தச் சேரின்ர அறைக்குத் தனியப் போகாதையும்" என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் சொல்வது விடுப்பு அல்ல, அது எச்சரிக்கை. அதைக் காது கொடுத்துக் கேளுங்கள், சொன்னவரைக் காட்டிக் கொடுக்காதீர்கள். சொற்களாலோ செயல்களாலோ செய்யப்படும் பாலியல் தொந்தரவு, தண்டனைச் சட்டக்கோவையில் 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் மாற்றியமைக்கப்பட்ட 345 ஆம் பிரிவின் கீழ் குற்றமாகும்; அதற்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். ஒருவரின் உடலைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் திரும்பத் திரும்ப ஆபாசமாகக் கதைப்பவரிடம் நயமாகப் பேசிக்கொண்டிருக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. நாளையும் நேரத்தையும் சொல்லப்பட்ட சொற்களையும் அப்படியே குறித்துக்கொண்டு, மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். சாதாரணக் கோள் கதைக்குப் "பொலிசில் அவதூறு முறைப்பாடு கொடுப்பேன்" என்று வெருட்டுவதில் பயன் இல்லை. இலங்கையில் அவதூறு 2002 ஆம் ஆண்டிலேயே குற்றவியல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது, அவதூறுக்காகச் சிவில் வழக்குத்தான் தொடரலாம்.

கண்டித்துச் சொன்ன மறுநாள்தான் பலரும் தவறுகிறார்கள். சொன்னவருக்குக் கூச்சம், கேட்டவருக்கு மனவருத்தம், இருவரும் வெவ்வேறு மேசையைத் தேடுகிறார்கள். அந்த இடைவெளியிலேயே புதிய கதை ஒன்று முளைக்கிறது. ரயில் நிலையத்தில் அக்காவோடு கதைத்த மறுநாள் நான் வழமையான நேரத்துக்கு அதே மேசைக்குப் போனேன். அக்கா தலை நிமிரவில்லை. என்னுடைய பார்சலைப் பிரித்து, அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரியலில் பாதியை அவருடைய லஞ்ச் ஷீட்டின் ஓரத்தில் வைத்தேன். சற்று நேரம் பேசாமல் சாப்பிட்டுவிட்டு, "உப்புக் கொஞ்சம் கூடிப் போச்சு" என்றார்.