ஊர்க் கடவுச்சீட்டு, லண்டன் வாக்குச்சீட்டு: கவுன்சில் இடைத்தேர்தலில் வாக்களிக்க

வாசல் கதவின் துளை வழியே தினமும் காகிதம் விழும் நாடு இது. பீட்சா விளம்பரம், வீடு விற்றுத் தருகிறோம் என்ற கடிதம், பழைய துணி சேகரிக்கும் பை. இவற்றுக்கு நடுவே ஒருநாள் ஒரு கட்சித் துண்டறிக்கை கிடக்கும். உங்கள் வார்டில் இடைத்தேர்தல், இன்ன வியாழக்கிழமை வாக்களிப்பு என்று அதில் இருக்கும். புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் அதையும் பீட்சா விளம்பரத்தோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். நமக்கு இந்த நாட்டுக் குடியுரிமை இல்லையே, நமக்கெதற்கு என்ற எண்ணம்தான்.

நானும் லண்டனுக்கு வந்த முதல் நான்கு ஆண்டுகள் அப்படித்தான் போட்டேன். ஒரு வியாழன் மாலை பக்கத்து வீட்டுக் கேரளக்காரர் வாக்களித்துவிட்டு வந்தார். "பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டதா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். அவரிடம் இருந்தவை இந்தியக் கடவுச்சீட்டும் வேலை விசாவும்தான். அன்றிரவு உட்கார்ந்து படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

இங்கிலாந்தில் வாக்குரிமைக்குப் பிரிட்டிஷ் குடியுரிமை கட்டாயமில்லை. காமன்வெல்த் நாட்டுக் குடிமகனாக இருந்து, இங்கே தங்குவதற்குச் செல்லுபடியாகும் அனுமதியோடு வசித்தால் போதும். இலங்கை, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர், கனடா, ஆஸ்திரேலியா எல்லாம் காமன்வெல்த் நாடுகள். மாணவர் விசா, வேலை விசா, துணைவர் விசா எதுவானாலும் சரி. இத்தனை ஆண்டு இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கும் கிடையாது. 18 வயது நிறைந்திருந்தால் கவுன்சில் தேர்தலில் மட்டுமல்ல, நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். சாம்ராஜ்யத்தின் குடிமக்கள் அனைவரும் ஒரே மன்னரின் பிரஜைகள் என்றிருந்த காலத்து ஏற்பாடு இது. சாம்ராஜ்யம் போய்விட்டது, வாக்கு மிஞ்சியிருக்கிறது.

இரண்டு சாரார் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். ஒன்று, தஞ்சம் கோரி இன்னும் முடிவு வராதவர்கள். தங்கும் அனுமதி கைக்கு வரும்வரை பதிவு செய்யாதீர்கள். தகுதியில்லாமல், தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்துப் பதிவது குற்றம். மற்றது, ஐரோப்பாவிலிருந்து வந்த நம்மவர்கள். பாரிஸிலோ டோர்ட்முண்டிலோ இருபது ஆண்டு இருந்து அந்நாட்டுக் குடியுரிமையோடு லண்டனின் ஹாரோ பகுதிக்கு வந்த குடும்பங்கள் எத்தனையோ உண்டு. 2024 மே மாதத்திலிருந்து இவர்களுக்கான விதி மாறிவிட்டது. பிரெஞ்சு, ஜெர்மன், டச்சுக் குடிமக்கள் 2020 டிசம்பர் 31க்கு முன்பிருந்தே இங்கே சட்டப்படி தொடர்ந்து வசிப்பவர்களாக இருந்தால்தான் கவுன்சில் தேர்தலில் வாக்களிக்கலாம். டென்மார்க், போலந்து, ஸ்பெயின், போர்ச்சுகல், லக்சம்பர்க் ஆகிய ஐந்து நாடுகளோடு தனி ஒப்பந்தம் இருப்பதால் அந்நாட்டவர்கள் எப்போது வந்திருந்தாலும் வாக்களிக்கலாம். நார்வே, சுவிஸ் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இங்கிலாந்தில் வாக்கு இல்லை. ஆனால் இலங்கைக் குடியுரிமையையும் இரட்டைக் குடியுரிமையாக வைத்திருந்தால் காமன்வெல்த் கதவு திறந்துவிடும். ஸ்காட்லாந்திலும் வேல்சிலும் உள்ளூர்த் தேர்தல் விதிகள் இதைவிடத் தாராளமானவை. அங்கே வாக்களிக்கும் வயதே 16தான். நான் இங்கே சொல்வது இங்கிலாந்துக் கணக்கு.

இடைத்தேர்தல் எப்படி வருகிறது

ஒரு கவுன்சிலர் இறந்துபோனாலோ, பதவி விலகினாலோ, ஆறு மாதம் தொடர்ந்து எந்தக் கூட்டத்துக்கும் போகாமல் பதவியை இழந்தாலோ அந்த இடம் காலியாகும். அந்தப் பகுதி வாக்காளர்கள் இரண்டே பேர் எழுத்தில் கேட்டால் போதும், 35 வேலை நாட்களுக்குள் இடைத்தேர்தல் நடத்தியாக வேண்டும். வழக்கமான தேர்தலுக்கு ஆறு மாதத்துக்கும் குறைவாக இருந்தால் மட்டும் இடத்தைக் காலியாகவே விட்டுவிடுவார்கள்.

லண்டன் பரோக்களில், அதாவது தனித்தனிக் கவுன்சில் உள்ள லண்டன் பகுதிகளில், வழக்கமான தேர்தல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, மே மாதத்தில் வரும். ஒரு வார்டுக்கு மூன்று கவுன்சிலர்கள்வரை இருப்பார்கள், அதனால் மூன்று பேருக்குக்கூட வாக்களிக்கலாம். இடைத்தேர்தலில் பெரும்பாலும் ஒரே இடம், ஒரே வாக்கு. யாருக்கு அதிக வாக்கோ அவர் வென்றார், அவ்வளவுதான்.

கவுன்சில் என்பது நம் ஊர் மாநகரசபை, பிரதேச சபையைவிடக் கனமானது. குப்பை, தெருவிளக்கு, நூலகம், வாகன நிறுத்த அனுமதி ஆகியவற்றோடு சமூக வீடுகள், முதியோர் பராமரிப்பு, வீட்டைப் பின்பக்கம் நீட்டிக் கட்டுவதற்கான திட்ட அனுமதி எல்லாம் அதன் கையில். மாதாமாதம் கவுன்சில் டாக்ஸ் கட்டும்போது முனகாத தமிழரை நான் பார்த்ததில்லை. அந்த வரியை எவ்வளவு ஏற்றுவது என்று கை தூக்குபவர்கள் இந்தக் கவுன்சிலர்கள்தான். வெஸ்ட் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் தேர் வீதிக்கு வரும் நாளில் சாலைகளை மூடுவதற்கும் கவுன்சிலின் அனுமதி வேண்டும்.

இடைத்தேர்தலில் வாக்களிக்க வருபவர்கள் குறைவு. மூன்றில் ஒருவர் வந்தாலே நல்ல கூட்டம். ஆகவே ஒரு தெருவில் உள்ள வீடுகள் சேர்ந்து போனால் முடிவே மாறக்கூடும். 2017இல் நார்தம்பர்லாந்து கவுன்சில் தேர்தலில், சவுத் பிளைத் வார்டில் இருவர் சம வாக்குகள் பெற்றார்கள். கடைசியில் குச்சி இழுத்து வெற்றியாளரைத் தீர்மானித்தார்கள். அதுவும் சட்டப்படிதான்.

முதலில் பதிவு

இதில் பாதி வேலை பதிவுதான். ஊரில் கிராம அலுவலர் வீட்டுக்கு வந்து பெயர் சேர்ப்பதுபோல் இங்கே தானாக எதுவும் நடந்துவிடாது. கவுன்சிலிலிருந்து ஆண்டுக்கொருமுறை வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்துக் கடிதம் வரும். அதற்குப் பதில் போடுவது வேறு, ஒவ்வொருவரும் தனித்தனியாக வாக்காளராகப் பதிவது வேறு. அரசு இணையதளத்தில் "ரிஜிஸ்டர் டு வோட்" என்று தேடினால் படிவம் கிடைக்கும். ஐந்து நிமிட வேலை, கட்டணமில்லை. பெயர், பிறந்த தேதி, முகவரி, எந்த நாட்டவர், நேஷனல் இன்சூரன்ஸ் எண் (வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் எண்). எண் இன்னும் வரவில்லை என்றால் காரணத்தை எழுதலாம். கவுன்சில் வேறு ஆவணம் கேட்கும்.

வாக்கில் ஆர்வமில்லாதவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பட்டியலில் பெயர் இருந்தால் வங்கிகளும் கைபேசி நிறுவனங்களும் உங்கள் முகவரியை உறுதிசெய்வது எளிது. கடன் மதிப்பீடு உயர இது ஒரு நல்ல வழி. படிவத்தில் "ஓப்பன் ரிஜிஸ்டர்" பற்றி ஒரு கேள்வி வரும். அது விளம்பர நிறுவனங்கள்கூட வாங்கக்கூடிய பட்டியல். வேண்டாம் என்று குறிப்பிடுங்கள். அதனால் வாக்குரிமைக்கோ கடன் மதிப்பீட்டுக்கோ குறை வராது.

இனி, நமக்கென்றே உள்ள தலைவலி: பெயர். இவர்களுடைய படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கிறது. நமக்கோ தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். சிலருக்கு ஒற்றை எழுத்துத் தலைப்பெழுத்து. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் பலருக்குக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்ப் பெட்டியே காலி. வேலையிடத்தில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர், பட்டியலில் மூன்றாவது பெயர் என்று ஆகிவிடுகிறது. வாக்குச்சாவடியில் காட்டப்போகும் அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே பதியுங்கள். கல்யாணத்துக்குப் பின் பெயர் மாறியிருந்தால் திருமணச் சான்றிதழையும் அன்று கையோடு கொண்டுபோங்கள். குழப்பம் இருந்தால் கவுன்சிலின் தேர்தல் பிரிவுக்கு முன்கூட்டியே தொலைபேசியில் பேசிவிடுங்கள். மற்றப் பிரிவுகளைப்போல் அரைமணி நேரம் இசை கேட்க வைக்க மாட்டார்கள் என்பது என் அனுபவம்.

நாட்கணக்கு முக்கியம். வாக்களிப்பு வியாழன் என்றால், பதிவுக்குக் கடைசி நாள் அதற்கு 16 நாள் முந்தைய செவ்வாய், நள்ளிரவுவரை. தபால் வாக்குக்கு மறுநாள் புதன் மாலை 5 மணி. உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் வாக்களிக்கும் ஏற்பாட்டுக்கு, அடுத்த வாரப் புதன் மாலை 5 மணி. இடையில் பொது விடுமுறை வந்தால் எல்லாம் ஒரு நாள் முன்னே போகும். துண்டறிக்கை வந்த அன்றே பதிந்துவிட்டால் இந்தக் கணக்கே வேண்டாம்.

அடையாள அட்டை

2023 மே மாதத் தேர்தல்களிலிருந்து இங்கிலாந்தில் படத்துடன் கூடிய அடையாளம் காட்டாமல் வாக்குச்சீட்டு தரமாட்டார்கள். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டுகள் செல்லும், காமன்வெல்த் நாடுகள் அனைத்தின் கடவுச்சீட்டும் செல்லும். பிரிட்டிஷ் ஓட்டுநர் உரிமம், பழகுநர் உரிமம், பிஆர்பி என்ற தங்கும் அனுமதி அட்டை, முதியோரின் பஸ் அட்டையான ஃப்ரீடம் பாஸ் எல்லாம் செல்லும். காலாவதியாகியிருந்தாலும் படம் உங்களைப்போல் இருந்தால் போதும். ஆதார், இலங்கைத் தேசிய அடையாள அட்டை, பல்கலைக்கழக அட்டை, வேலையிட அட்டை செல்லாது. கைபேசியில் படம் எடுத்து வைத்திருப்பதும் நகலும் செல்லாது. பிஆர்பிக்குப் பதிலாக இப்போது இருக்கும் இ-விசாவைத் திரையில் காட்டிப் பயனில்லை. எதுவுமே இல்லாதவர்கள் வாக்காளர் சான்றிதழுக்கு இலவசமாக விண்ணப்பிக்கலாம். அதற்கும் கடைசி நேரம் முந்தைய வாரப் புதன் மாலை 5 மணி.

வீட்டுக்கு வரும் வாக்காளர் அட்டை அடையாளமாகாது. அது இல்லாமலும் வாக்களிக்கலாம். ஆனால் உங்கள் வாக்குச்சாவடி எது என்று அதில்தான் இருக்கும். பள்ளிக்கூடம், தேவாலய மண்டபம், நூலகம், சில வேளை நிறுத்தி வைத்த ஒரு கேரவன். பக்கத்துத் தெருவில் இன்னொன்று இருக்கிறதே என்று அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்த வியாழன்

காலை 7 மணியிலிருந்து இரவு 10 மணிவரை. இரவு வேலைக்காரர், கடைக்காரர் எல்லோருக்கும் நேரம் உண்டு. 10 மணிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தால் வாக்குச்சீட்டு கிடைக்கும்.

வாசலில் கட்சி நிறப் பூப்பட்டை குத்திய ஒருவர் உங்கள் வாக்காளர் எண்ணைக் கேட்கலாம். ஊரில் வாக்குச்சாவடி வாசலில் யாராவது விசாரித்தால் வயிற்றைக் கலக்கும். இங்கே அவர் தங்கள் ஆதரவாளர்கள் வந்துவிட்டார்களா என்று கணக்கெடுக்கும் தொண்டர் மட்டுமே. சொல்லலாம், புன்னகைத்துவிட்டு உள்ளேயும் போகலாம். கட்டாயமில்லை.

உள்ளே பெயரும் முகவரியும் சொல்லி அடையாளம் காட்டினால் சீட்டைத் தருவார்கள். நூலில் கட்டிய ஒரு பென்சில் இருக்கும், சொந்தப் பேனாவும் பயன்படுத்தலாம். உங்களுக்குப் பிடித்தவருக்கு எதிரே உள்ள கட்டத்தில் ஒரு புள்ளடி, அதாவது X குறி. இலங்கையில்போல் 1, 2, 3 என்று விருப்பு வாக்கு இங்கே இல்லை. இந்தியாவில்போல் பொத்தானும் இல்லை, நோட்டாவும் இல்லை. எதை எழுதத் தொடங்கினாலும் மேலே பிள்ளையார் சுழி போடும் கைகள் அன்று மட்டும் சற்று அடங்கியிருக்கட்டும். பெயரோ கையொப்பமோ எழுதினால் சீட்டே செல்லாது. தவறிவிட்டால் பெட்டியில் போடுவதற்கு முன் திருப்பிக் கொடுத்துப் புதிய சீட்டு கேட்கலாம். சீட்டின் பின்புறம் ஓர் எண் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது மோசடி வழக்கு வந்தால் மட்டும் தேவைப்படுவது. எண்ணிக்கை முடிந்ததும் முத்திரையிட்டு ஓர் ஆண்டு வைத்திருந்து அழித்துவிடுவார்கள்.

குழந்தைகளை அழைத்துப் போகலாம். ஆனால் கணவன், மனைவி, மாமியார் எல்லோரும் ஒரே மறைவிடத்துக்குள் போய்க் கூடிப் பேசுவது கூடாது. ஒருவர் வாக்கை இன்னொருவர் திருத்தும் நோக்கத்தோடு அருகே நிற்பதை 2023ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. நம் வீடுகளில் "அப்பா சொன்ன இடத்தில் போட்டுவிடு" என்பது சாதாரணப் பேச்சு, அதை வாசலோடு நிறுத்திவிடுங்கள். ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்குச் சின்னங்களை வீட்டிலேயே காட்டிவிட்டு வாருங்கள், யாருக்கு என்பதை அவரே தீர்மானிக்கட்டும். கண்பார்வை குறைந்தவர்கள், ஊனமுற்றவர்கள் துணைக்கு ஒருவரை அழைத்துப்போக அதிகாரியிடம் அனுமதி கேட்கலாம். உள்ளே படம் எடுக்காதீர்கள், விரலில் மையும் பூசமாட்டார்கள். ஊருக்கு அனுப்பப் படம் வேண்டுமென்றால் வெளியே பலகையின் அருகில் நின்று எடுங்கள்.

தபால் வாக்கு வசதியானது, அடையாள அட்டையும் தேவையில்லை. ஆனால் விண்ணப்பத்தில் போட்ட அதே கையொப்பத்தைத் திரும்ப வரும் படிவத்திலும் போட வேண்டும். ஒரு தடவை தமிழிலும் மறு தடவை ஆங்கிலத்திலும் போட்டால் எண்ணமாட்டார்கள். "நான் கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறேன் அண்ணா" என்று வேட்பாளரின் ஆட்கள் கை நீட்டினால், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் கொடுக்காதீர்கள். பிரசாரம் செய்பவர்கள் பிறர் தபால் வாக்கைக் கையாள்வது இப்போது சட்டவிரோதம். நம் கோயிலிலும் சங்கத்திலும் பார்த்துப் பழகியவர்கள் வேட்பாளராக நிற்கும்போது இது சங்கடமாகத்தான் இருக்கும். "பரவாயில்லை தம்பி, நானே போடுகிறேன்" என்று சொல்லிவிடலாம்.

முடிவு அன்றிரவோ மறுநாளோ கவுன்சில் இணையதளத்தில் வரும். வென்றவரின் மின்னஞ்சல் முகவரியும் சில நாட்களில் அங்கே ஏறிவிடும். அவருக்கு நீங்கள் வாக்களித்தீர்களா என்பது அவருக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டார். மூன்று வாரமாக எடுக்காத குப்பையைப் பற்றி எழுதலாம்.