கத்தாரில் நீங்கள், ஹட்டனில் கடை: யார் பெயரில் பதிவது?

ஹட்டன் டவுனில் நான் படிவம் நிரப்பிக் கொடுக்கும் மேசைக்குப் போன வருடம் ஓர் அண்ணன் வந்தார். கையில் பிளாஸ்டிக் பை. உள்ளே தோஹாவிலிருந்து எட்டு வருடமாகக் காசு அனுப்பிய துண்டுகள். பாதிக்கு மேல் மை மங்கி வெறும் வெள்ளைத் தாளாகியிருந்தன. அந்தக் காசில் மச்சான் திறந்த பலசரக்குக் கடை நன்றாக ஓடுகிறது. பதிவுச் சான்றிதழில் மச்சானின் பெயர் மட்டுமே இருக்கிறது. "நான் போட்ட முதலுக்கு என்ன சாட்சி, தம்பி?" என்று கேட்டார். எனக்கு வாய் திறக்க முடியவில்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் தொழில் தொடங்க நினைக்கும் எல்லோருக்கும் இதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முதல் படி: இரண்டு கேள்விகள்

படிவத்தைத் தொடுமுன் ஒரு தாளில் எழுதுங்கள். இந்தத் தொழில் யாருடையது? நட்டப்பட்டால் கடனை யார் கட்டுவது? வீட்டில் எல்லோரும் ஒரே விடையைச் சொல்லும்வரை அடுத்த படிக்குப் போகவேண்டாம்.

இரண்டாம் படி: வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

தனிவியாபாரம் மிக எளியது. பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து வியாபாரப் பெயரைப் பதிந்தால் தொடங்கிவிடலாம். இலாபம் முழுவதும் உங்களுக்கு. கடனும் முழுவதும் உங்களுக்கே, அது சொந்தச் சொத்தையும் தொடும். முதல் உங்களுடையது, தம்பி நடத்தித் தருகிறார் என்றால் உரிமையாளராக உங்கள் பெயரையே பதியுங்கள். தம்பிக்கு அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்பட எழுத்தில் கொடுக்கும் அதிகாரம்) கொடுங்கள். நீங்கள் இருக்கும் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் அதில் கையொப்பமிடலாம். வங்கிக் கணக்கை இயக்கலாம், பொருள் வாங்கலாம், ஆனால் கடையை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது என்று ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது பங்குடைமை, அதாவது சிலர் கூட்டாக முதல் போட்டு நடத்தும் தொழில். இதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். "அண்ணன் தம்பிக்குள் எதற்கு எழுத்து?" என்று கேட்பார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மூலதனம் 1,000 ரூபாய்க்கு மேற்பட்டால் பங்குடைமை எழுத்தில் இருக்கவேண்டும், கையொப்பமும் வேண்டும் என்கிறது அது. இன்று 1,000 ரூபாய்க்கு என்ன கடை போடலாம்? ஆகவே வாய்ப்பேச்சை நம்பிப் போட்ட பங்கு நீதிமன்றத்தில் நிற்காது.

எழுதினாலும் அரைகுறையாக எழுதாதீர்கள். இலங்கையில் பங்குடைமைக்கு 1890ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டமே பொருந்துகிறது. ஒப்பந்தம் வாய் திறக்காத இடத்தில் அந்தச் சட்டம் இலாபத்தைச் சமமாகப் பிரித்துவிடும். பத்தில் ஒன்பது பங்கு முதல் போட்டவருக்கும் பாதிதான். காலை ஆறு மணிக்குக் கடை திறக்கிறவருக்கோ சம்பளமே கிடையாது. இரண்டு பேருக்கும் அநியாயம். யார் எவ்வளவு போட்டார், இலாபம் எப்படிப் பிரியும், கடையில் நிற்பவருக்கு மாதம் எவ்வளவு, காசோலையில் யார் கையொப்பமிடுவது, ஒருவர் விலகினால் அல்லது இறந்தால் என்ன செய்வது: இவ்வளவையும் சட்டத்தரணியிடம் சொல்லி எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது, வரையறுக்கப்பட்ட தனியார் கம்பனி. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி ஒருவரே பங்குதாரராக இருந்தும் தொடங்கலாம். ஐம்பது பேருக்கு மேல் சேர்க்க முடியாது. கடன் கம்பனியோடு நிற்கும். ஆனால் வங்கி பெரும்பாலும் பணிப்பாளரிடம் தனிப்பட்ட பிணையும் கேட்கும். கம்பனிச் செயலாளர் ஒருவரை நியமிக்கவேண்டும், ஒவ்வொரு வருடமும் அறிக்கை கொடுக்கவேண்டும். வரியையும் பாருங்கள். 2025 ஏப்ரல் முதல் தனிநபரின் ஆண்டு வருமானத்தில் 18 இலட்சம் ரூபாய்க்கு வருமான வரி இல்லை. கம்பனிக்கு அந்த விலக்கு கிடையாது. பொதுவான வீதம் 30 சதவீதம். பலசரக்குக் கடைக்கோ தையல் கடைக்கோ கம்பனி வேண்டாம் என்பதே என் கருத்து. நுவரெலியாவில் விடுதி, தேயிலை ஏற்றுமதி, வெளியாரின் முதல் என்று வந்தால் கம்பனிதான் சரி.

மூன்றாம் படி: இடம்

பதிவுக்குக் கடை இருக்கும் இடத்தின் உறுதியோ (காணிப் பத்திரம்) வாடகை ஒப்பந்தமோ கேட்பார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறைக்கு உறுதி ஏது? லயத்திலேயே கடை போடுவதென்றால் முதலில் தோட்ட நிர்வாகத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் டவுனில் வாடகைக்கு இடம் பாருங்கள். முற்பணம் கொடுக்கும் முன் ஒப்பந்தம் கையில் இருக்கட்டும்.

நான்காம் படி: பதிவுக்குப் பின்

வரி அடையாள இலக்கம், நகர சபையின் அல்லது பிரதேச சபையின் வியாபார அனுமதி இரண்டையும் எடுங்கள். ஒரே ஒருவரை வேலைக்கு வைத்தாலும் அவருடைய சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு நீங்கள் 12 சதவீதம், அவர் 8 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் 3 சதவீதம் கட்டவேண்டும்.

இனிமேல் காசை மச்சானின் சொந்தக் கணக்குக்கு அனுப்பாமல், வியாபாரத்தின் பெயரில் உள்ள கணக்குக்கே அனுப்புங்கள். கையில் இருக்கும் பழைய துண்டுகளை, எழுத்து தெரியும்போதே, இன்றிரவு படம் பிடித்து வையுங்கள்.