கம்பஸ்ல இருக்கும்போதே பைசைட் பக்கம் போறதெண்டா

தம்பி தங்கச்சிமாரே, புரோக்கர் கம்பனி என்ன ஷெயர் வாங்கலாம் எண்டு சொல்லும், அது செல்சைட், மற்ற ஆக்கள்ட காசை வச்சு முடிவெடுத்து அதுக்குப் பொறுப்பா நிக்கிறதுதான் பைசைட். கொழும்பில எண்டா கனபேர்ட காசைச் சேர்த்து முதலிடுற யூனிட் ட்ரஸ்ட் கம்பனிகள், இன்சூரன்ஸ்காரர்ட முதலீட்டுப் பிரிவு, மத்திய வங்கி பாக்கிற ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி). இங்க அரசாங்கம் கடன் வாங்க விக்கிற பத்திரங்கள், அதாவது ட்ரெஷறி பில், பொண்ட்தான் பெரிய விஷயம், 2022ல பில் வட்டி 30 வீதத்தையும் தாண்டினது, அதால வட்டி படியாம வராதீங்கோ.

சிஎஸ்இ (கொழும்பு பங்குச் சந்தை) வெப்சைட்ல ஒரே கம்பனிட 5 வருஷ ஆண்டறிக்கைய எடுத்து, லாபத்தையும் கையில வந்த காசையும் கொப்பியில பக்கத்தில பக்கத்தில எழுதுங்கோ. நான் எழுதினதில லாபம் ஏறிக்கொண்டே போகுது, கடனுக்கு வித்த காசு மட்டும் வரவே இல்லை, அண்டைக்கு ஏனெண்டு யோசிச்சு யோசிச்சு எனக்கு நித்திரையே வரேல்ல. உங்களுக்கும் அப்பிடி இருந்தா சிஎஃப்ஏ எண்ட முதலீட்டுத் துறைச் சோதினையிட முதல் லெவலுக்குக் காசு சேருங்கோ. முதல் வேலை செல்சைட்ல, புரோக்கர் கம்பனிட ரிசேர்ச் பிரிவில கிடைச்சாலும் அதை விடாதீங்கோ.